நாலுக்குத்தான் சட்டம்

சிரிக்கலாம், கட்டாயம் சிரிக்கலாம், இந்தக் கதையில் ஒரு தலைமை ஆசிரியர் பட்டப்பகலில் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கிற இடம் ஒன்று வருகிறது, அதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இன்னும் பிறக்கவில்லை; ஆனால் குடை இப்போது வராது. குடைக்கு முதல் ஒரு வீடு வரவேண்டும், வீட்டுக்குள் கண்ணாடி போட்ட பின்னறை ஒன்று வரவேண்டும், பின்னறைக்குள் ஏழு வயதுக் கறிவேப்பிலை மரமும் அதற்குப் பக்கத்தில் சட்டப்படி வளர்கிற நாலு கஞ்சாச்செடியும் வரவேண்டும், அதற்குப் பிறகு சட்டத்துக்கு மாறாய் ஐந்தாவது ஒன்று வரவேண்டும். கஞ்சா என்றதும் உங்களுக்கு ஓர் எண்ணம் ஓடியிருக்கும், ஆரோ ஒரு மாமி தெரியாத்தனமாய் இலையைப் பிடுங்கி வறை செய்து ஐயருக்குப் பரிமாற, ஐயர் கலியாண மந்திரத்தைத் திவசத்தில் சொன்ன கதை என்று. அது வேறு வீடு. இந்த வீட்டில் ஏமாந்தது ஒரே ஓர் ஆள்தான். ஆர் என்பதும் குடைக்குப் பிறகுதான்.

வீடு கனடாவில், ஸ்காபரோவில். அந்த வீட்டில் பைரவி என்று பதினேழு வயதில் ஒரு பிள்ளை இருந்தாள், அவளுக்கு மற்றவர்களின் குரல் எடுக்கிற வியாதி. கோயில் ஒலிபெருக்கியில் "நீல நிறக் கார் ஒன்று வழியை மறிச்சு நிக்குது, உரியவர் உடன வரவும்" என்று அறிவிக்கிற தலைவரின் குரலைத் திருவிழா அன்று அப்படியே எடுத்து, நீலக் கார்க்காரர் முப்பது பேரைத் தீபாராதனைக்கு நடுவில் வெறுங்காலோடு பனிக்குள் ஓடவைத்தவள் அவள். பக்கத்து வீட்டு ரஞ்சி அன்ரியின் குரலில் ரஞ்சி அன்ரியின் புருசனையே கடைக்கு அனுப்பியவள். கணக்கு வாத்தியார், பேருந்து அறிவிப்பு, உடுப்புக் காயவைக்கிற இயந்திரம் வேலை முடிந்ததும் பாடுகிற ஆறு சுரப் பாட்டு, எல்லாம் அவளுடைய தொண்டைக்குள் வாடகை இல்லாமல் குடியிருந்தன. சொந்தக் குரல் எது என்று ஆராவது கேட்டால் மட்டும் அவள் கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது.

அவளுடைய அப்பா குணபாலன் இருபத்திரண்டு வருடம் தொழிற்சாலையில் பெட்டி தூக்கி முதுகைக் கொடுத்தவர். வைத்தியர் சொல்லித்தான் செடி வைத்தார். இலையையும் பூவையும் எண்ணெயில் காய்ச்சி முதுகில் பூசுவார், பூசியபின் வீடு முழுக்க மாட்டுக்கொட்டிலும் மல்லிகையும் சண்டைபிடிக்கிற மாதிரி ஒரு மணம் நிற்கும். ஒரு வீட்டுக்கு நாலு செடி என்பது சட்டம். அவர் அந்தச் சட்டத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பின்னறையில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். காலையில் தேத்தண்ணீரோடு போய் விரலை நீட்டி "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" என்று எண்ணுவார், நாலில் கணக்கு நின்றபிறகுதான் முதல் மிடறு உள்ளே போகும். ஏனென்றால் அவருக்கு ஒரு பயம் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாய், கடவுச்சீட்டு வந்து, வீடு வந்து, மகள் வந்து, தலைமயிர் போனபிறகும் அந்தப் பயம் போகவில்லை: ஒருநாள் ஓர் அதிகாரி வருவார், கையில் பழைய கோப்பு இருக்கும், "மிஸ்டர், நீர் சொன்ன கணக்குப் பிழை, வெளிக்கிடும்" என்று சொல்லுவார். எந்தக் கணக்கு என்று அவர் ஒருவருக்கும் சொன்னதில்லை. பைரவி மூன்றாம் வகுப்பில் குடும்ப மரம் கீறக் கொண்டுவந்து, "அப்பா, நீங்கள் எத்தினை பேர் சகோதரம்" என்று கேட்டபோது, "நாலு பேர்" என்று சொல்வதற்கு முதல் அவர் அவளுடைய பென்சிலை அரைவாசிக்குச் சீவித் தள்ளிவிட்டார்.

மற்றபடி அவர் அவளோடு கதைத்ததெல்லாம் ஒரே வசனம். "பிள்ளை, நிலம் குளிரும், காலுக்கு மேசு போடு." சொக்ஸை அவர் இன்னும் மேசு என்றுதான் சொன்னார், அவளும் இன்னும் வெறுங்காலோடுதான் திரிந்தாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஐந்தாவது செடி வைத்தால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பைரவிக்கு வந்தது. விருந்துச் சாமான் விற்கிற கடையில் பிளாஸ்டிக் கஞ்சாச்செடி ஒன்று வாங்கினாள், தொட்டியில் மண் போட்டு நட்டாள், நாலுக்கும் பக்கத்தில் வைத்தாள், கதவிடுக்கில் நின்றாள். திட்டம் மிக எளிது: அப்பா எண்ணுவார், அலறுவார், தொட்டுப் பார்ப்பார், பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பார், பிறகு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரிப்பார்கள்.

குணபாலன் எண்ணினார். ஐந்து வந்தது. மற்றப் பக்கத்திலிருந்து எண்ணினார், அப்போதும் ஐந்துதான். குனிந்து ஐந்தாவதன் இலையைத் திருப்பி, அடியில் எந்த நாட்டில் செய்தது என்று எழும்பி நிற்கிற சின்ன எழுத்துகளை விரலால் தடவினார். தேத்தண்ணீர் ஆறி ஆடை படிந்தது. பிறகு அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஐந்துக்கும் ஒரே அளவாய் ஊற்றினார்.

"அப்பா, அது பிளாஸ்டிக்," என்றாள் பைரவி, பொறுக்கமுடியாமல்.

"இருக்கட்டும். வந்தது வந்திட்டுது."

மூன்றாம் நாள் அது துளிர்விட்டது. புது இலை மற்ற இலைகளை விட மினுக்கமாய், நடுவில் அச்சு வார்த்த கோட்டோடும் அடியில் அதே நாட்டின் பேரோடும் வந்தது. ஒரு கிழமையில் அது நாலையும் முந்தி வளர்ந்தது, பத்தாம் நாள் பூத்தது, பூ புதுப் பொம்மைப் பெட்டியைத் திறந்த மணம் மணந்தது, கறிவேப்பிலை மரம் மட்டும் பொறாமையில் இரண்டு கிளையை உதிர்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றது.

பிளாஸ்டிக் எப்படி வளரும் என்று ஸ்காபரோவில் ஒருத்தரும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "வந்து எத்தினை நாள்?" ஊரில் சண்டை நடந்த அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் ஒரு விடியற்காலை திடீரென்று புது ஆள் ஒருவர் படுத்திருப்பார், எந்தப் பாதையால் வந்தாய் என்று கேட்பது மரியாதைக் குறைவு, முதலில் சோறு போடவேண்டும், பிறகு குளிர்ச்சட்டை தேடவேண்டும், அதற்குப் பிறகு அகதிக் கேஸ் எழுதவேண்டும், இந்த முறை தெரிந்த சனம் செடி என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? ரஞ்சி அன்ரி தன்னுடைய மகனின் பழைய குளிர்ச்சட்டையைக் கொண்டுவந்து தொட்டிக்குச் சுற்றினாள். கோயில் தலைவர் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்டார், செவ்வாய்க்கிழமை வந்தது என்றதும் கைத்தொலைபேசியில் பார்த்து, "அண்டைக்குச் சதயம். நல்ல நட்சத்திரம், ஆனா ஆள் கொஞ்சம் பிடிவாதம்," என்று எழுதிக்கொண்டு போனார். பைரவியின் அம்மா யோகமலர் முதல் இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், மூன்றாம் நாள் சோறு போடும்போது, "உதுக்கும் ஒரு வாய் வைக்கட்டோ?" என்று கேட்டாள்.

பைரவிக்குத்தான் விசர் வந்தது. தன்னுடைய பகிடியை இந்தச் சனம் கடித்து, மென்று, விழுங்கி, ஏப்பமும் விட்டபிறகு சிரிப்பு மட்டும் எங்கே போனது? நான்தான் வாங்கி வைத்தேன் என்று சொன்னால் "அப்ப நீதான் ஸ்பொன்சர்" என்பார்கள். ஆகவே அவள் மோசமான பகிடிக்காரர் எல்லாரும் செய்கிற வேலையைச் செய்தாள்: சிரிக்காத பகிடிக்கு மேல் இன்னொரு பகிடியை அடுக்கினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பின்கதவால் நிலவறைக்குள் இறங்கி, உடுப்புத் தோய்க்கிற அறையில் வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நின்று, கைத்தொலைபேசியில் இலக்கம் தெரியாமல் மறைத்து, மேலே தங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தாள். கணக்கு வாத்தியாரின் குரலை எடுத்தாள், அதற்குத் தடிமன் பிடிக்கவைத்தாள், ஹென்டர்சன் என்று பேர் வைத்தாள்.

"மிஸ்டர் கூனா... கூனபா... மன்னிக்கவும், உங்கள் பேர் நீளம். நான் அலுவலகத்திலிருந்து கதைக்கிறேன். உங்கள் வீட்டில் ஐந்து செடி இருப்பதாய்த் தகவல்."

மறுபக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பை மேசையில் இடித்தது. பிறகு குணபாலன் தன்னுடைய ஆங்கிலத்தில், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னும் பின்னும் சேர் போட்ட ஆங்கிலத்தில், "சேர், ஆம், சேர்," என்றார். "சேர், நாலுதான் சட்டம் என்று எனக்குத் தெரியும். உங்களுடைய பின்னால் ஒரு சத்தம் கேட்கிறது, சேர்."

அது உடுப்புக் காயவைக்கிற இயந்திரம். "அச்சு இயந்திரம்," என்றாள் ஹென்டர்சன்.

"பெரிய அலுவலகமாய் இருக்கவேண்டும், சேர்."

அலறுவார் என்று பார்த்தால் மனிதர் கதைத்துக்கொண்டே போனார். முதுகுவலியைச் சொன்னார், தொழிற்சாலையில் பெட்டியின் பாரத்தைச் சொன்னார், முதன்முதல் பனியைக் கண்டு உப்பு என்று நினைத்து நக்கிப் பார்த்ததைச் சொன்னார். இயந்திரம் வேலை முடிந்து ஆறு சுரத்தில் பாடியது. "அழகான அலுவலகம், சேர். பாட்டும் இருக்கிறது," என்றார். பைரவி வாயைப் பொத்திக்கொண்டு வைத்தாள். அடுத்த கிழமையும் அழைத்தாள், அதற்கடுத்த கிழமையும் அழைத்தாள், ஒவ்வொரு முறையும் அவர் அரை மணித்தியாலம் கதைத்தார், மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி, "சேர், ஒருமுறை நான் ஒரு பிழையான கணக்குக் கொடுத்திருக்கிறேன். செடிக்கணக்கு அல்ல. அது பழைய கோப்பில் இருக்கும்," என்றார். பைரவி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அப்பா தன்னோடு இத்தனை வசனம் கதைத்ததில்லை, அதிலும் இது தன்னோடு இல்லை, ஹென்டர்சனோடு. ஒரு தடிமன் பிடித்த பொய் வெள்ளைக்காரன் மேல் அவளுக்கு எரிச்சலாய் வந்தது. அந்த எரிச்சலில், "வியாழக்கிழமை பின்னேரம் நேரில் வந்து எண்ணுவேன்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

செய்தி பரவியது. கேஸ் நாகேந்திரம் வந்தார். அந்தக் காலத்தில் வந்து இறங்கிய பாதிச் சனத்துக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தவர் அவர், இப்போது காதுக்கு மெசின், கைக்குத் தடி, ஆனால் பேனை அதே பேனை. வந்ததும் வராததுமாய்ச் செடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு எழுதத் தொடங்கினார்: இச்செடி தான் பிறந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் உருக்கப்பட்டு வாளியாக்கப்படும் அபாயம் உண்டு. ரஞ்சி அன்ரி சட்டத்தை இன்னொரு முறை வாசித்து, வீட்டுக்கு நாலு என்றுதானே கிடக்கு, ஆளுக்கு ஒரு வீடு பிரித்தால் என்ன என்றாள். உடனே பின்னறையின் மூலையில் திரைச்சீலை கட்டி, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் ஒன்றும் கடிதப்பெட்டி ஒன்றும் வைத்து, ஐந்தாவதைத் தனிக்குடித்தனம் அனுப்பினார்கள். புதன்கிழமை அந்தப் பெட்டிக்குள் பீட்ஸா விளம்பரமும் வந்து விழுந்தது.

"கேத்திலும் வேண்டாம், திரையும் வேண்டாம்," என்றார் நாகேந்திரம் கடைசியில். "குணம், நான் சொல்லுறதைக் கேள். வாறவனுக்கு நாலெண்டு சொல்லு. ஐஞ்செண்டால் அஞ்சாவது எங்கால வந்தது எண்டு தோண்டுவான். ஒண்டைத் தூக்கிக் குப்பையில போட்டிட்டு நாலெண்டு சொல்லு. அண்டைக்கும் உனக்கு இதைத்தானே சொன்னனான், கெட்டே போனாய்?"

குணபாலன் திரைச்சீலையை விலக்கித் தொட்டியை எடுத்து, பழையபடி நாலுக்கும் பக்கத்தில் வைத்தார்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொல்லி நாலெண்டு சொன்னன். இந்தமுறை சொல்லமாட்டன்."

"வீடு போகும், மடையா."

"போகட்டும்."

பைரவி கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பகிடியால் ஒரு மனிதன் தன் வீட்டை விடத் தயாராகிவிட்டான். பகிடி விட்டவள் நானே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள், வந்தது கோயில் தலைவரின் குரல், அதை இருமலாக்கி விழுங்கிவிட்டு ஓடிப்போனாள்.

வியாழக்கிழமை பின்னேரம் வீட்டில் சப்பாத்து வைக்க இடமில்லை. யோகமலர் அதிகாரிக்கு என்று உளுந்துவடை சுட்டாள், வெள்ளைக்காரனுக்கு உறைக்கும் என்று பாதியில் மிளகாய் போடவில்லை. குணபாலன் கலியாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். நாலு மணி ஆனதும் பைரவி நிலவறைக்கு இறங்கினாள். இயந்திரத்தின் மேல் ஒரு சோடிக் கம்பளிச் சொக்ஸ் மடித்தபடி கிடந்தது; மூன்று கிழமையாய் அங்கேதான் கிடந்தது, ஆரோ எடுக்க மறந்த உடுப்பு என்று அவள் ஒவ்வொரு முறையும் அதை ஓரமாய்த் தள்ளிவிட்டுத்தான் அழைப்பாள். இன்றும் தள்ளினாள். ஹென்டர்சனைத் தொண்டைக்குக் கூப்பிட்டாள்.

"மிஸ்டர் கூனா, வருந்துகிறேன், பனி கடுமை, வர முடியவில்லை. எண்ணவேண்டிய தேவையும் இல்லை. நாலு என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறேன்."

அவ்வளவுதான் திட்டம். மூடிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"மூடாதீர்கள், சேர்," என்றார் குணபாலன். மேலே எல்லாருடைய சத்தமும் நின்றது அவளுக்குத் தொலைபேசியிலும் கேட்டது, கூரை வழியாகவும் கேட்டது. "சேர், ஐந்து. முதன்முதல் வந்த நாளில் உங்களைப்போல் ஒருவர் கேட்டார், உன்னுடைய தாய்க்கு எத்தனை பிள்ளைகள் என்று. நான் நாலு என்றேன். ஐந்தாவதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, சேர். எல்லாருக்கும் இளையவன். ஒருநாள் லொறியில் ஏறினான். லொறி வந்து சேர்ந்தது, அவன் வரவில்லை. செத்தவர் கணக்கிலும் இல்லை, இருக்கிறவர் கணக்கிலும் இல்லை. ஐந்து என்றால் ஐந்தாவது எங்கே என்று கேட்பார்கள் என்றார்கள். கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆகவே நாலு என்றேன். ஒரு சொல்லில் அவனை இல்லாமல் ஆக்கிவிட்டு உங்களுடைய நாட்டுக்குள் வந்தேன்."

பைரவி இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஹென்டர்சன் ஏதாவது சொல்லவேண்டும். "எப்படிப்பட்டவர்?" என்றார் ஹென்டர்சன், தடிமன் உண்மையாகவே பிடித்த குரலில்.

"படுபொல்லாதவன், சேர். எந்தக் குரலையும் எடுப்பான். ஒருநாள் பள்ளிக்கூடத்து அலுவலக யன்னலுக்குக் கீழ் ஒளித்திருந்து, தலைமை ஆசிரியருடைய குரலிலேயே, இன்றைக்கு அரை நாள் விடுமுறை, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று கத்தினான். நானூறு பிள்ளைகள் படலையைத் தாண்டி ஓடினார்கள். ஆசிரியர்கள் போனார்கள். கடைசியாய்த் தலைமை ஆசிரியர் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார், சேர். வெறும் முற்றத்தைப் பார்த்தார். தன்னுடைய குரலில் தானே சொன்னது தனக்கும் கேட்டதுதானே? குடையை எடுத்தார், விரித்தார், அறையைப் பூட்டிவிட்டு அவரும் வீட்டுக்குப் போனார்."

பைரவி சிரித்தாள். அடக்க ஒரு கணம்கூடக் கிடைக்கவில்லை, வாத்தியார் குரல் இல்லை, தலைவர் குரல் இல்லை, அன்ரி குரல் இல்லை, மூக்கால் கொஞ்சமும் வயிற்றால் மிச்சமுமாய் அவள் முன்பு கேட்டேயிராத ஒரு சிரிப்பு வந்து தொலைபேசி வழியே மேலே போய்விட்டது. கையை வாயில் வைத்து இருமினாள். ஹென்டர்சனைத் தேடிப் பிடித்தாள்.

"மன்னிக்கவும், தடிமன். சரி, மிஸ்டர் கூனா. ஐந்து என்று பதிகிறேன்."

"பேரோடு பதிவீர்களா, சேர்? வரதன்."

"பேரோடு."

"பிழையில்லாமல் விழுந்ததா என்று ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், சேர்."

"வரதன்," என்றார் ஹென்டர்சன். மூன்று கிழமையாய்க் குணபாலன் என்ற பேரைத் தாண்டமுடியாமல் தடக்கி விழுந்த மனிதர், ஒரு எழுத்தும் கோணாமல், ஊரில் நல்லூர் வீதியில் நின்று கூப்பிடுகிற மாதிரிச் சொன்னார். சொன்ன பிறகுதான் பைரவிக்கு அது காதில் விழுந்தது.

மேலே கதிரை ஒன்று இழுபட்டது. குணபாலன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முப்பது வருடமாய்ச் சேர் போட்டுப் பழகிய ஆங்கிலத்தைக் கோட்டைக் கழற்றுகிற மாதிரி அவர் ஆறுதலாய்க் கழற்றி வைத்ததும், எல்லாருக்கும் முன்னால், வடைச் சட்டிக்கும் கேஸ் எழுதுகிற பேனைக்கும் ஐந்து செடிக்கும் முன்னால் சொன்னதும் அவளுக்குத் தெளிவாய்க் கேட்டன.

"சரி பிள்ளை. முதல் நாளே மெசினுக்கு மேல வைச்சனான், இன்னும் போடேல்லைப் போல. நிலம் குளிரும், மேசு போட்டுக்கொண்டு மேல வா. வடை ஆறுது."

பைரவி கீழே பார்த்தாள், பத்து விரலும் நீலம் பாரித்துப்போயிருந்தன. பிறகு இயந்திரத்தின் ஓரத்தில், மூன்று கிழமையாய்த் தான் தள்ளித் தள்ளி வைத்த அந்தச் சோடியைப் பார்த்தாள்.